சுவருக்கு அப்பால் ஒரு பியானோ

பியானோ என்று யாராவது சொன்னால் என் மனம் முதலில் போய் நிற்பது பிள்ளையார்பாளையத்தில். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருக்களில் நான் வளர்ந்த காலத்தில் ஒரு பியானோவைக்கூடக் கண்டதில்லை. ஆண்டர்சன் பள்ளிப் பக்கம் போனால் பெடல் போட்டு வாசிக்கும் ஆர்கன் சத்தம் எப்போதாவது காதில் விழும். பஜனை மடத்தில் ஆர்மோனியம் இருந்தது. அவ்வளவுதான். ஆனாலும் பியானோவைக் கேட்பதற்கான காதை எனக்குக் கொடுத்தது அந்தத் தெருதான் என்று இன்றும் நம்புகிறேன்.

விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரிப்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகத் தறிகள் பேச ஆரம்பிக்கும். ஒவ்வொரு தறிக்கும் ஒரு நடை உண்டு. எதிர்வீட்டுப் பெரியப்பா அழுத்தி மிதிப்பார். பலகை வந்து விழும் அடி கனமாக இருக்கும். கோடிவீட்டு அத்தை வேகம், ஆனால் நடுவில் ஒரு மூச்சு விடுவார். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் யார் வீட்டைத் தாண்டுகிறோம் என்று சொல்லிவிடலாம். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் இழை அறுந்து நிற்கிறது என்பதும் தெருவுக்குத் தெரியும். நின்றுபோன சத்தமே சேதி சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. அப்பா குழிக்குள் கால்களை இறக்கி உட்காருவார். நான் அவருக்கு வலப்புறம். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். கரைக்கென்று தனி நாடா. அப்பா உடல் நாடாவை விட்டதும் கரையின் நாடாவை நான் தள்ளவேண்டும். இரண்டு ஊடை இழைகளும் கரையோரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பினால்தான் கோர்வை நிற்கும். பிடி தப்பினால் சேலையில் கீறல் மாதிரி ஓர் இடைவெளி விழுந்துவிடும். நான் பிந்தினால் அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார், திட்டவும் மாட்டார். மிதியை நிறுத்திவிடுவார். வீடு முழுக்க ஒரு மௌனம் வந்து உட்காரும். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமலே நான் காலம் தவறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னைச் சின்ன காஞ்சிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போவார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். அப்போதே வயதானவர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதுதான் பிழைப்பு, ஆனால் அவருக்கு உயிர் வீணையில். அமாவாசை அமாவாசைக்கு அவர் வாசலைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, ஒண்டியாக வாசிப்பார். மிருதங்கம் கிடையாது. ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருப்போம். ‘ஆகா’ என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள்.

காஞ்சிபுரம் இதற்கு நேரெதிரான சங்கீதத்துக்குப் பேர்போன ஊர். காஞ்சிபுரம் நாயினா பிள்ளை (1889–1934) பாடினால் மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களின் பட்டாளத்தையே உட்காரவைத்து, அவர்கள் நடுவே லயத்தோடு மல்லுக்கட்டியவர் அவர். ‘ஃபுல் பெஞ்ச்’ என்ற பெயரே அவர் கச்சேரிகளுக்கு ஒட்டிக்கொண்டது. தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகளாக 1919-ல் இதே ஊரில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சின்னப் பெண்ணாக அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் கேட்டுக் கேட்டே எத்தனையோ கீர்த்தனைகளைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாரும் பையனாக இருக்கையில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்தான். நாயினா பிள்ளையிடம் பாடம் கேட்கப் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரத்துக்கு வந்த கதையைச் சொல்லும்போது அவருடைய குரல் இளகிவிடும். அந்தப் பெண்களின் பாட்டியான வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில், தன் வீட்டில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தனியாக வாசித்ததையும், பெரிய பெரிய வித்துவான்கள் அங்கே வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் அவர் கேள்விப்பட்ட அளவில் சொல்வார். அவருடைய அமாவாசை வாசிப்புக்கு வித்து அதுதான். ஒரு மனிதர், ஒரு வாத்தியம், கேட்பவர்களின் மௌனம். கச்சேரிக்கு இதுவே போதும் என்று எனக்குக் காட்டியவர் அவர்.

சின்னப் பிள்ளைகளுக்கு அவர் சரளி வரிசை, ஜண்டை வரிசையோடு நோட்டுஸ்வரமும் சொல்லித்தந்தார். முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டிய சின்னஞ்சிறு உருப்படிகள் அவை. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்து சுரங்களில் போகும். கமகம் இல்லை, அசைவு இல்லை, வெள்ளைக்காரன் பாண்டு வாத்தியத்தில் வாசிப்பதுபோல் சுரங்கள் நேராக நிற்கும். தீட்சிதரின் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டைக் கேட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நாங்கள் முதலில் படித்தது ‘ஸ்யாமளே மீனாக்ஷி’. அப்புறம் எங்கள் ஊர் ஏகாம்பரநாதர் மேலேயே ஒன்று, ‘காஞ்சீசம் ஏகாம்ரநாயகம்’. மாவடிக்குக் கீழே இருக்கும் மண் லிங்கத்தைச் சீமை நடன மெட்டில் பாடினோம். எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. சாமி பாட்டு, பாடினோம்.

எழுபதுகளின் கடைசியில் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி எனக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை கிடைத்தது. அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள். பிராட்வே பஸ்ஸில் அப்பாதான் பெட்டியோடு கொண்டுவந்து விட்டார். வேப்பேரியில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் தன் வீட்டின் ஒரு பகுதியைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். வெள்ளை அடித்த அந்தத் தடுப்புச் சுவருக்கு அப்பால் அவருடைய கூடம். கூடத்தில் பியானோ.

சுவரோடு சேர்த்து நிறுத்தும் நெட்டைப் பியானோ அது. சென்னையின் ஈரக்காற்று மரத்தை ஊதவைத்து, கம்பியைத் துருப்பிடிக்கவைத்துவிடும் என்று அடிப்பக்கத்தில் ஒரு சிறிய பல்பை எப்போதும் எரியவிட்டிருப்பார். மின்சாரம் நின்றால் அவருக்குத் தன் இருட்டைவிடப் பியானோவின் ஈரம்தான் கவலை. மவுண்ட் ரோட்டு மியூசி மியூசிகலிலிருந்து ஒருவர் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போவார். 1842-ல் மிஸ்குவித் கம்பெனி என்ற பெயரில் தொடங்கிய கடை அது. டிரினிட்டி காலேஜ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இசைப் புத்தகம் வாங்க அப்போது அங்கேதான் போவார்கள். ஆன்ட்டி என்று நான் கூப்பிட்ட அந்த அம்மாளிடமும் அப்படிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். நான் அலுவலகம் விட்டு வரும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் விரல்கள் தடுமாறிக்கொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ‘ஸ்யாமளே மீனாக்ஷி’ வந்தது.

முதலில் ஒரு குழந்தை ஒற்றை விரலால் வாசித்தது. இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பற்றிப் பாடும் பாட்டாக அந்த மெட்டு உலகம் முழுக்கத் தெரிந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. குழந்தை போன பிறகு ஆன்ட்டி உட்கார்ந்தார். அதே மெட்டு. அடுத்த சுற்றில் அதைச் சுற்றி வலது கை விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது. அதற்கடுத்ததில் ஓட்டம் இடது கைக்கு மாறியது. பாதிக்கு மேல் போன பிறகு ஓரிடத்தில் மெட்டுக்குத் துக்கம் வந்ததுபோல் காந்தாரம் இறங்கிவிட்டது. கடைசிக்கு முந்தியது மிக மெதுவாக நடந்தது. கடைசியில் தாளமே மாறி, மூன்று மூன்றாக எண்ணவேண்டிய துள்ளலில் முடிந்தது. நான் எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசற்படியில் நின்றபடியே பாடிக் காட்டினேன்.

ஆன்ட்டி முழுதும் கேட்டார். “எந்தச் சர்ச்சில் கத்துக்கிட்டே, சைல்ட்?” என்றார். மீனாட்சி என்றேன், காஞ்சிபுரம் என்றேன், தீட்சிதர் என்றேன். அவர் என்னை உள்ளே இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, “இன்னொரு தடவை” என்று சொல்லி, என் சுருதிக்குத் தக்கபடி கட்டைகளைத் தேடிக்கொண்டு கூடவே வாசித்தார். பிறகு அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து மோட்சார்ட்டின் பெயரைக் காட்டினார். ஒரு பழைய பிரெஞ்சு மெட்டை எடுத்து, அதற்குப் பன்னிரண்டு மாற்றுருவங்கள் செய்து, மோட்சார்ட் பியானோவுக்காக எழுதிய படைப்பு, 1785-ல் அச்சேறியது. கோட்டையின் பாண்டுக்காரர்கள் வழியாக தீட்சிதரின் காதில் விழுந்ததும் அந்த மெட்டுத்தான். ஒருவர் வியன்னாவில் அதைப் பன்னிரண்டாகப் பிரித்தார். ஒருவர் இங்கே அதை அம்பாளின் காலடியில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று அகப்பட்டது. ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்று நாங்கள் பாடியது இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டு. அதே மெட்டுக்கு பீத்தோவன் 1803-ல் பியானோவுக்கு ஏழு மாற்றுருவங்கள் எழுதியிருக்கிறார். பீத்தோவன் பிறந்தது 1770, மறைந்தது 1827. தீட்சிதர் 1775-ல் பிறந்து 1835-ல் மறைந்தார். ஒரே காலத்து மனிதர்கள், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது, இருவர் மேசையிலும் ஒரே மெட்டு. இதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் நான் அடுத்த பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கு ஓடினேன்.

வாத்தியார் நிதானமாகக் கேட்டார். “நிரவலா பண்றாங்க?” என்றார். நிரவலில் சாகித்தியம் நிற்கும், சங்கீதம் மாறிக்கொண்டே போகும். இதில் மெட்டின் எலும்பு நிற்கிறது, மேலே போர்த்துகிற துணி மாறுகிறது என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். எழுதிவைத்தா வாசிக்கிறார்கள் என்று கேட்டார். எழுதியது இது, ஆனால் மோட்சார்ட் சபையில் உட்கார்ந்து அப்போதைக்கப்போது கற்பனையாகவும் இப்படி வாசிப்பாராம் என்றேன். “அப்ப நம்ம ஆளுதான்” என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றை நான் வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். அதே மணலி நாட்களில் தீட்சிதரின் தம்பி பாலுசாமி ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். பிடில் நம்மிடம் தங்கிவிட்டது. இன்றைக்கு அது இல்லாத கச்சேரி உண்டா? பியானோ தங்கவில்லை. காரணம் விரலின் கீழ் இருக்கிறது. பிடில் கம்பியில் விரல் வழுக்கும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதை முழுவதும் அதற்குச் சொந்தம். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்த தீட்சிதர் ஏகாம்பரநாதர் மீது பைரவியில் பாடிய ‘சிந்தய மாகந்த’ கிருதியைப் பியானோவில் வாசித்தால் பைரவி வராது. பைரவியின் சுரங்கள் வரிசையாக வந்துபோகும். ஆர்மோனியத்துக்கும் இதே கதிதான். ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்காரர் தில்லி வானொலியில் இருந்துகொண்டு அதற்கு எதிராக எழுதினார். 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தடை நின்றது. நாடகக் கொட்டகைகளில் ராஜாவாக இருந்த வாத்தியத்துக்கு வானொலி வாசற்படி ஏற உரிமையில்லை. அந்தத் தடை கொடுமை என்றே நான் நினைக்கிறேன். ஒரு வாத்தியத்துக்கு வராததைச் சொல்லி அதை வெளியே தள்ளினால், அதற்கு மட்டுமே வருவதை யார் கேட்பது?

பியானோவுக்கு மட்டுமே வருவது என்ன என்பதை அப்பாவோடு சேர்ந்துதான் கேட்டேன்.

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் அந்த நாட்களில் மேல்நாட்டுச் சங்கீதம் நடக்கும். 1896-ல் கட்டிமுடித்த அரைவட்ட அரங்கம் அது. எங்கே உட்கார்ந்தாலும் மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 1893-லிருந்து நடக்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவும் அங்கே பாடும், மாக்ஸ்முல்லர் பவன் வரவழைக்கும் ஜெர்மன் கலைஞர்களும் வாசிப்பார்கள். ஆன்ட்டிக்கு அந்த உலகத்து மனிதர்கள் எல்லோரையும் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கில் ஆர்கன் வாசித்து, சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைப் பார்த்துக்கொண்ட ஹேண்டல் மானுவேலின் பெயரை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பணிவு வரும். ஆன்ட்டிதான் எனக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் வாங்கித்தந்தார்.

அப்பா வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் துண்டோடு வந்தார். மேடையில் ஒரே ஒரு பெரிய கறுப்புப் பியானோ, மூடி திறந்திருந்தது. ஓர் இளைஞர் வந்து குனிந்து வணங்கி உட்கார்ந்தார். பக்கவாத்தியம் இல்லை, தம்பூர் இல்லை, எதிரில் காகிதமும் இல்லை. இப்படி ஒருவர் மட்டுமே மேடையேறி ஒரு சாயங்காலம் முழுவதையும் தாங்குவது என்பது ஐரோப்பாவிலேயே ரொம்பப் பழைய வழக்கம் இல்லை. பாட்டும் பியானோவும் பிடிலும் கலந்துகட்டி நடந்த கச்சேரிகளின் நடுவே, ஃபிரான்ஸ் லிஸ்ட் 1839, 1840 வாக்கில் அந்தத் துணிச்சலைச் செய்தார். அதே காலத்தில் கிளாரா ஷூமான் முதலானவர்கள் எழுதியதைப் பாராமல் மனப்பாடமாக வாசிப்பதையும் வழக்கமாக்கினார்கள்.

அன்றைக்கு முதலில் பாஹ். 1722-ல் அவர் தொகுத்த, எல்லாச் சுருதிகளிலும் ஒவ்வொரு முகப்பும் ஃபியூகும் கொண்ட புத்தகத்தின் முதல் ஜோடி, சி மேஜரில். முகப்பு மிக எளிது. சுரங்கள் ஒவ்வொன்றாகப் படியேறி, திரும்பப் படியேறி, ஒரே நடையில் போகின்றன. பிறகு ஃபியூக். ஒரு குரல் தனியாக ஒரு வரியைச் சொல்லும். அது பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரல் அதே வரியை வேறு இடத்தில் எடுக்கும். மூன்றாவது, நான்காவது. நான்கு குரலும் பத்து விரலுக்குள். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, நான்கும் பிரதானம். நம் சங்கீதத்தில் ஒரு சுரத்துக்குள் இறங்கிப் போகிறோம். இங்கே ஒரே நேரத்தில் பல வழிகளில் நடக்கிறார்கள். பைரவிக்குள் போகமுடியாத வாத்தியம் இதைச் செய்கிறது. அதற்குப் பிறகு பீத்தோவன் 1801-ல் எழுதிமுடித்த, நிலவொளி என்று பின்னால் பேர் வைத்துவிட்ட சொனாட்டா. அதன் முதல் பகுதி நடக்கும்போது அப்பா முன்னால் சாய்ந்து அந்த இளைஞரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் மிதியை அழுத்தினால் கம்பிகளின் மேல் கிடக்கிற அடைப்புகள் எல்லாம் எழுந்து, அடித்த சுரங்கள் கலந்து நீளும். எப்போது எடுக்கிறான், எப்போது வைக்கிறான் என்று அப்பாவின் கால் பெருவிரல் செருப்புக்குள் அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கச்சேரி முடிந்து எழும்பூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அப்பா சொன்னார்: “இடது கை ஒண்ணு நெய்யுது, வலது கை ஒண்ணு நெய்யுது. கரை பிரியவேயில்ல பாரு.” கொஞ்ச நேரம் கழித்து, “பக்கத்துல புள்ள யாரும் இல்ல. ஒண்டியாவே சமாளிக்கிறான்” என்றார். பஸ் வருகிற நேரத்தில், “இம்மாம் வேலைக்கு அட்டை எங்கம்மா?” என்று கேட்டார்.

தறியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியையும், அதில் கோத்துத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளையும் நினைத்துக் கேட்டார். மயிலோ அன்னமோ ருத்ராட்சமோ, கரையில் எது வரவேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் இழைகளுக்குச் சொல்லும். அந்த இளைஞர் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்றேன். அப்பாவால் நம்பமுடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்று. அந்த அட்டைத்தறியை 1804 வாக்கில் உருவாக்கிய ஜோசஃப் மாரி ஜக்கார்டும் ஒரு நெசவாளியின் மகன், அவருடைய ஊரான லியோன் பிரான்ஸ் தேசத்தின் பட்டு ஊர். ஓட்டை போட்ட அட்டையால் இழையைத் தூக்கமுடியும் என்றால் பியானோவின் சுத்தியலையும் தூக்கமுடியும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானே வாசிக்கும் பியானோக்கள் வந்தன. ஜெர்மனியில் வெல்ட்டே கம்பெனி 1904-ல், ஒரு கலைஞர் வாசித்ததை விரலின் அழுத்தம்வரை சுருளில் பதிந்து திரும்ப வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் மாலர் அடுத்த ஆண்டே வந்து அதில் வாசித்தார், டெபுஸ்ஸியும் வாசித்திருக்கிறார். ஆள் போய் நூறாண்டு ஆனபிறகும் காகிதத்தின் ஓட்டைகள் வழியாக அவர்கள் கை இன்னும் கட்டைகளை அமுக்குகிறது. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் போய்விட்டிருந்தார்.

ஆன்ட்டி ஒருமுறை காஞ்சிபுரத்துக்கு வந்தார். கவுனில் வந்த அவரைப் பார்க்கத் தெருவே வாசலில் நின்றது. அம்மா இட்லியும் காப்பியும் கொடுத்தாள். தறி ஓடாத நாளானாலும் அப்பா அதில் உட்கார்ந்து காட்டினார். முந்தி தனியாக, உடல் தனியாக நிறம் மாற ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் இணைக்கும் பெட்னியை ஆன்ட்டி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அன்று அமாவாசை. அதற்காகவே நாள் பார்த்து அழைத்திருந்தேன். வாத்தியார் வீட்டில் தரையில் உட்கார அவருக்குக் கஷ்டமாக இருந்தது; ஒரு பெட்டியை எடுத்துப் போட்டோம். வாத்தியார் பைரவி வாசித்தார். நிஷாதத்தை வீணைத் தண்டின் ஒரே மெட்டின் மேல் வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். ஆன்ட்டியின் கண் அவருடைய இடது கையைவிட்டு நகரவில்லை. முடிந்ததும் அவர் என் பக்கம் குனிந்து, “என் பியானோவில் இந்த இடமே இல்லை, சைல்ட்” என்றார். நான் அதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர், “அவங்க பக்கத்துல இருக்கிற இடம் இதுல இல்லையேம்மா” என்றார். மோட்சார்ட்டை அவருக்கு நேரில் வாசித்துக் காட்டவேண்டும், வேப்பேரிக்கு அழைத்துக்கொண்டு வா என்று ஆன்ட்டி பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் வரவில்லை. முதலில் மழை, பிறகு முட்டி வலி, பிறகு ஒரு நாள் தந்தி. ஆன்ட்டியின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். வேப்பேரி, பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம், அவரும் கிளம்பினார். பியானோவை ஆட்கள் வந்து கயிறு கட்டி இறக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. அந்தத் தெருவில் டிரினிட்டிப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளின் விரல் சத்தம் அதோடு போயிற்று.

பிள்ளையார்பாளையத்திலும் சத்தம் குறைந்துவிட்டது. தறி இருந்த வீடுகளில் மாடி எழும்பியிருக்கிறது. பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனிப் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். மீதமிருக்கும் தறிகளில் அட்டைக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பெட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. போனதில் எல்லாவற்றுக்கும் நான் அழமாட்டேன். தறியின் வலப்புறத்தில் என்னோடு உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. கடனுக்காக உட்காரவைக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. அந்த இடம் காலியானது நல்லது, ஆயிரம் மடங்கு நல்லது. எனக்கு இல்லாமல் போனது வேறு. பக்கத்து வீட்டுத் தறியை நடையை வைத்துத் தெரிந்துகொண்ட காது. ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதை, ஆகா சொல்லாமல், கடைசி அதிர்வு அடங்கும்வரை கேட்ட பொறுமை. காஞ்சிபுரத்தின் அமாவாசையிலும் எழும்பூரின் அரைவட்டத்திலும் அது ஒன்றாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் இன்று பியானோவுக்குக் குறைவில்லை. ஏ.ஆர். ரகுமான் 2008-ல் தொடங்கிய இசைப்பள்ளியில் பிள்ளைகள் முறையாகப் படிக்கிறார்கள். லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். சிக்கில் குருசரணின் பாட்டுக்குப் பக்கத்தில் அனில் சீனிவாசன் பியானோவில் உட்கார்ந்து, ராகத்தின் அசைவுகளைக் குரலுக்கு விட்டுவிட்டு, அதன் நிழலை மட்டும் கட்டைகளில் வாங்குகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் வாத்தியாரும் ஆன்ட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பதில்தான் எனக்குக் கேட்கிறது. ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு முழுச் சாயங்காலத்துக்கு ஒரு பியானோ கச்சேரியை நான் கேட்டதில்லை.

நடத்த யாராவது முன்வந்தால் நிகழ்ச்சி நிரலை நானே எழுதித்தருகிறேன். முதலில் பள்ளிப் பிள்ளைகள் நின்று ‘ஸ்யாமளே மீனாக்ஷி’ பாடவேண்டும். அவர்கள் உட்கார்ந்ததும், கைதட்டலுக்கு இடம் விடாமல், மோட்சார்ட்டின் பன்னிரண்டும். பிறகு ‘ஸந்ததம் பாஹிமாம்’, அதன் பின்னால் பீத்தோவனின் ஏழு. பாஹின் சி மேஜர் முகப்பும் ஃபியூகும். பிறகு பியானோவின் மூடியைச் சாத்திவிட்டு, அதே மேடையில் ஒரு வீணை, மிருதங்கம் இல்லாமல், ‘சிந்தய மாகந்த’. ஒலிபெருக்கி வேண்டாம். இருநூறு பேருக்கு மேல் டிக்கெட் வேண்டாம். முதல் இரண்டு வரிசை நெசவாளர்களுக்கு. அமாவாசையில் வைத்தால் அவர்களால் வரமுடியும். மாசி மாதத்து அமாவாசை நல்லது. மழை ஈரம் போயிருக்கும், பியானோவின் சுருதி நிற்கும். சென்னையிலிருந்து வாத்தியத்தை இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்து இறக்கி, இந்த ஊர்க் காற்றுக்குப் பழகவிட்டு, பிறகு சுருதி சேர்க்கவேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் உள்ளே பல்பை எரியவிட நான் வந்து படுத்துக்கொள்கிறேன்.